பன்னிரண்டு மில்லிமீட்டர்

நவம்பர் 18, திங்கள்

அலுவலகப் பதிவேட்டில் எண்களுக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள். மற்றதை எழுத இந்த நோட்டு. போன மாதம் திண்டுக்கல் வீட்டுக்குப் போனபோது என் மனைவி மதலைமேரி வாங்கித் தந்தாள். "தனியாக் கெடக்குறீங்க. பேச ஆளில்ல. எழுதியாச்சும் வைங்க" என்றாள். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் பேசுகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் ஏழு டிகிரி. கார்த்திகை பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. மார்கழி பாதியில் வரவேண்டிய குளிர் இது.

ஊசிமுடி மலைக்கு நான் வந்து பதினோரு வருடம். மழை அளப்பதுதான் வேலை. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, முந்தைய நாள் விழுந்த தண்ணீரை அளவுச்சாடியில் ஊற்றிப் பார்த்து, அந்த எண்ணைப் போனில் கீழ் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். மழைமானி குவார்ட்டர்ஸ் வாசலில் இல்லை. மரம் மறைக்காத இடமாக இருக்கவேண்டும் என்று மேலே புல்மேட்டில் வைத்துவிட்டார்கள். முந்நூறு அடி ஏற்றம். பாசி பிடித்த பாறை, அட்டை.

நேற்று இரவு தகரக் கூரையில் மழை ஒரு நிமிடம் விடவில்லை. தூக்கம் இல்லை. அக்டோபரில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது முழங்கால் வீக்கம் வடியவே இல்லை. தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன்.

மழை: 4 மி.மீ. சொல்லியாயிற்று.

நவம்பர் 19, செவ்வாய்

பருப்பு தீர்ந்தது. விறகு நனைந்துவிட்டது. மழை: 6 மி.மீ.

நவம்பர் 20, புதன்

காற்று திசை மாறியிருக்கிறது. நேற்றுவரை வடக்கிலிருந்து வந்தது. இன்று கிழக்கிலிருந்து, ஈரத்தோடு, விட்டு விட்டு அடிக்கிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். எட்டரைக்கு அங்கே குடையோடு நின்று உதவிப் பொறியாளர் நளாயினி மேடத்துக்குச் சொன்னேன்.

"அஞ்சுதானா சார்? கீழயே இருபத்தெட்டு பதிவாயிருக்கே."

"மேல காத்துதான் மேடம் அதிகம். மேகம் நிக்க மாட்டேங்குது."

"சரி, நான் செக்போஸ்டுக்குச் சொல்லிடறேன்" என்றார். நல்ல பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை.

மன்னம்பாறை செக்போஸ்டில் ஒரு விதி இருக்கிறது. மேலே ஒரே நாளில் ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால், அடுத்த இரண்டு நாளைக்கு மலையேற வருகிற யாரையும் விடமாட்டார்கள். இடிவாய் ஓடை பெருகும் என்பதால் அப்படி. என் எண்ணைக் கேட்டுத்தான் அவர்கள் பாதையில் சங்கிலியைப் போடுகிறார்கள், எடுக்கிறார்கள்.

எலுமிச்சை ரசம் வைத்தேன். ஊறுகாய்ப் பாட்டிலில் பூஞ்சை.

நவம்பர் 22, வெள்ளி

இன்று பகல் முழுவதும் மழை. மதியத்துக்கு மேல் எதிரே இருக்கும் யூகலிப்டஸ் மரங்கள் தெரியவில்லை. வாசலில் கழுவிக் கவிழ்க்க மறந்த அலுமினியக் குண்டா நாலு மணிக்கே நிரம்பி வழிந்தது. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். கட்டிலை நகர்த்திப் போட்டேன். முழங்கால் மடங்கவில்லை, கட்டிலை இழுக்கவே கால்மணி நேரம் ஆனது.

இடமாற்றம் கேட்டு ஜூலையில் எழுதிக் கொடுத்தேன். மேலே வர ஆள் இல்லை என்று பதில். கால் சரியில்லை என்று எழுதினால் வேலைக்கே லாயக்கில்லாதவன் என்று மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

நவம்பர் 23, சனி

விடியும்போது மழை நின்றிருந்தது. பளீரென்று வெயில். ஐந்து நாளுக்குப் பிறகு சூரியனைப் பார்த்ததும் எனக்கே ஓர் உற்சாகம். போர்வைகளைக் கொடியில் போட்டேன்.

மழை: 12 மி.மீ. சொல்லியாயிற்று. மேலே ஏறிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்திருக்கும்.

பத்தரைக்கு ஐந்து பேர் வந்தார்கள். வழிகாட்டி இருளப்பன் எனக்குப் பழக்கம். மன்னம்பாறைக்காரன், நாற்பது வயது, இந்த மலையில் அவன் கால் படாத இடமில்லை. கூட வந்த நாலு பேரும் ஈரோட்டுக்காரர்கள். பூபதி, தறிப்பட்டறையில் மெக்கானிக், கட்டையான ஆள், வாய் ஓயாது. அவர் மனைவி தாரணி. பூபதியின் நண்பர் அஸ்லம். தாரணியோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் ரெஜினா டீச்சர். இங்கே தங்கல் இல்லை. ஓடையைத் தாண்டிப் போனால் வனக்காவலர் குடில் இருக்கிறது. அங்கே இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவதாகத் திட்டம்.

கட்டன் டீ போட்டுக் கொடுத்தேன். பூபதி பாக்கெட்டிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து என் கையில் திணித்தார். "இருபது வருசமா ஒரு மலை ஏறணும்னு இவகிட்டச் சொல்லிட்டே இருக்கறனுங்க. தறி விடமாட்டேங்குது. இன்னைக்குத்தான் வாச்சுது." தாரணி சிரித்துக்கொண்டே, "இவரு செருப்பு வாங்கறதுக்கே மூணு மாசம் ஆச்சுங்க" என்றார்.

கிளம்பும்போது இருளப்பன் மட்டும் பின்தங்கினான்.

"அண்ணே, மழ எம்புட்டுண்ணே நேத்து?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா? ராத்திரி எங்க ஊர்லயே பேய் மழல்ல பெஞ்சுச்சு."

"ஊர்ல பெஞ்சிருக்கும். இங்க காத்துதான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மலையைப் பார்த்தான். "ஒங்க கணக்குத் தப்பாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதே நாள், மாலை 3 மணி

வெயில் போய்விட்டது. ஒன்றரை மணிவாக்கில் கிழக்கே கறுத்தது. பத்து நிமிடத்தில் மூடுபனி வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கின்றன. ஒன்பது டிகிரி, இன்னும் இறங்கும். இந்நேரம் அவர்கள் குடிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இருளப்பன் இருக்கிறான், பயமில்லை.

கொடியில் போட்ட போர்வைகள் நனைந்துவிட்டன.

நவம்பர் 25, திங்கள்

இரண்டு நாளாக எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போலீசுக்கும் இப்படித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு இருளப்பன் தனியாக ஓடி வந்தான். முகமெல்லாம் சிராய்ப்பு. சட்டை கிழிந்திருந்தது. "அண்ணே, ஓடையில விழுந்துட்டாருண்ணே. தூக்கிட்டோம். ஆனா அந்தாளு நடுங்கிச் சாவாரு போலருக்கு. கம்பளி இருந்தா எடுங்கண்ணே, சீக்கிரம்."

பன்னிரண்டே முக்காலுக்கு அவர்கள் ஓடைக்கரையை அடைந்திருக்கிறார்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேலே, கலங்கலாக ஓடியிருக்கிறது. இருளப்பன் தயங்கியிருக்கிறான். வெயில் அடிக்கிறது, மேலே பெரிய மழையும் இல்லை, இனி வடியத்தான் செய்யும் என்று முடிவு செய்து கயிறு கட்டிக் கடத்தினான். மூன்று பேர் கடந்தார்கள். கடைசியாக வந்த பூபதி நடுவில் இருக்கும்போது மேலேயிருந்து ஒரு வெள்ளம் இறங்கியது. காடு முழுக்க ஊறிக் கிடந்தது, அது விட்ட தண்ணீர். பூபதியின் கை கயிற்றை விட்டது. நூறு அடி தள்ளி ஒரு பாறையில் மாட்டிக்கொண்டவரை அஸ்லமும் இருளப்பனும் அக்கரையில் இழுத்துப் போட்டார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. எழுந்து உட்கார்ந்து சிரித்தாராம். "தறியில விழாம ஓடையில விழுந்தேன்" என்றாராம்.

கூடாரமும் மாற்றுத் துணியும் இருந்த பை போய்விட்டது. குடிலுக்கு இன்னும் இரண்டு மணி நேர ஏற்றம். அப்போதுதான் காற்று திரும்பி, மூடுபனி இறங்கி, மழை பிடித்தது. நாலு பேரும் நனைந்துவிட்டார்கள். பூபதியால் பத்தடிகூட நடக்க முடியவில்லை. அவர்களை ஒரு பாறை இடுக்கில் உட்காரவைத்துவிட்டு, இருளப்பன் ஓடையோடு மேலே போய், குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஊர்ந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறான். அவன் இறங்கியதும் மரமே உருண்டு போய்விட்டதாம்.

தொட்டி மூலையில் நின்று கீழே தகவல் சொன்னேன். ஆட்கள் கிளம்பி வர விடிந்துவிடும் என்றார்கள். இரண்டு கம்பளி, என் ஸ்வெட்டர், தீப்பெட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் பாலிதீன் தாளில் சுற்றி இரண்டு மூட்டையாகக் கட்டினேன். கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தேன். முழங்கால் எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை. எந்த இடத்திலும் நான் நிற்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஓடைக்குப் போனோம். முப்பதடி அகலம்கூட இருக்காது. ஆனால் கால் வைக்க முடியாது. தண்ணீருக்குள் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அக்கரையில் அவர்கள் தெரிந்தார்கள். தாரணி பூபதியை மடியில் போட்டிருந்தார். மற்ற இருவரும் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் மூட்டையைக் கல் கட்டி வீசினான் இருளப்பன். தண்ணீரில் விழுந்து போய்விட்டது. இரண்டாவது போய்ச் சேர்ந்தது. அஸ்லம் பிரித்துக் கம்பளியைப் போர்த்தினார். ஒரே கம்பளி, நாலு பேர்.

தாரணி கத்தினார். காற்றில் பாதிதான் கேட்டது. "நடுங்கிட்டே இருந்தாருங்க! இப்ப நின்னுருச்சுங்க! நல்லதுங்களா?"

இருளப்பன் என்னைப் பார்த்தான். நடுக்கம் நின்றுபோனால் உடம்பில் சூடு தீர்ந்துவிட்டது என்று மலையிலேயே கிடக்கிற எங்கள் இருவருக்கும் தெரியும். "கட்டிப் புடிச்சுக்கங்கம்மா! பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க!" என்று மட்டும் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் பூபதி எழுந்திருக்கப் பார்த்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "வேகுதாமுங்க! ஒடம்பெல்லாம் வேகுதுங்கறாரு!" என்று ரெஜினா டீச்சர் அலறினார். குளிர் முற்றினால் கடைசியில் அப்படித்தான் தோன்றும். அஸ்லம் பூபதியின் கைகளைப் பிடித்து அழுத்தினார். அதற்குப் பிறகு பூபதி அசைந்ததை நான் பார்க்கவில்லை. ஆறரை மணி இருக்கும். தாரணி அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். பூபதி போய்விட்டது அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் இக்கரையிலேயே கிடந்தோம். விடிந்தபோது தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்திருந்தது. கயிறு கட்டிப் போனோம். மூன்று பேரையும் கொண்டுவந்தோம். எட்டு மணிக்குக் கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். பூபதியைத் தூளி கட்டிச் சுமந்தார்கள். புதுச் செருப்பு ஒன்று காலில் இருந்தது. மற்றது இல்லை.

என்னிடம் எல்லோரும் கையைப் பிடித்துப் பேசினார்கள். இந்தக் காலோடு எப்படி வந்தீர்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

நவம்பர் 26, செவ்வாய்

மழை: இல்லை. சொல்லியாயிற்று.

நவம்பர் 27, புதன்

விசாரணைக்கு மூன்று பேர் மேலே வந்தார்கள். நளாயினி மேடமும் வந்திருந்தார். ஓடை வரை போய் அளந்தார்கள், படம் எடுத்தார்கள். பெரிய அதிகாரி என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு வாரத்துக்கு எல்லாம் ஒற்றை இலக்கம், சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டு.

"பன்னெண்டு மில்லிமீட்டர் மழைக்கு அந்த ஓடை இப்படிப் பெருகாது. வழக்கமாக் கடக்குற எடத்துல கடத்தியிருந்தா ஒன்னும் ஆயிருக்காது. அந்த வழிகாட்டி குறுக்கு வழியில ஆழமான எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான்" என்றார். எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார்.

நான் கட்டன் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இல்லை, மன்னிக்கவும் என்றேன்.

மேடம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளப்பனை நேற்றே பிடித்து வைத்துவிட்டார்களாம். அலட்சியத்தால் மரணம் என்று வழக்கு. வழிகாட்டி அட்டையையும் பிடுங்கிவிட்டார்கள்.

தொட்டி மூலையில் நின்றபோது மதலைமேரி போன் செய்தாள். பேப்பரில் என் படம் வந்திருக்கிறதாம். ஊனக் காலோடு மூன்று உயிர்களைக் காத்த ஊழியர் என்று போட்டிருக்கிறார்களாம். கோயிலில் பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தாராம். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது.

நவம்பர் 28, வியாழன்

இன்று புல்மேட்டுக்கு ஏறினேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். பாதையில் புல் மூடியிருந்தது. அக்டோபர் ஒன்பதாம் தேதி விழுந்த இடத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வழியிலேயே திரும்பியவன், அதற்குப் பிறகு மேலே போகவே இல்லை. ஐம்பது நாள். தினமும் எட்டரைக்குத் தொட்டி மூலையில் நின்று, வானத்தைப் பார்த்து, வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொன்னேன். குறைவாகச் சொன்னேன். அதிகமாகச் சொன்னால் மறுபடி கேட்பார்கள், சரிபார்க்க ஆள் அனுப்புவார்கள். சின்ன எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை.

எழுதிவிட்டேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாமல் இருந்தது.

மழைமானியின் புனலில் இலையும் பாசியும் அடைத்திருந்தன. உள்ளே பாத்திரம் நிரம்பி, வெளிக்கூட்டுக்குள்ளும் வழிந்து, கீழே தரைக்குப் போயிருந்தது. ஒரு சின்னத் தவளை மிதந்தது. அளவுச்சாடியை எடுத்துப் போயிருந்தேன். ஊற்றிப் பார்த்துப் பயனில்லை. ஐம்பது நாள் மழையும் ஒன்றாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் எது என்று யாரால் பிரிக்க முடியும்?

சுத்தம் செய்து மூடிவிட்டு இறங்கினேன்.

நவம்பர் 29, வெள்ளி

சொல்லவில்லை.

நவம்பர் 30, சனி

பைபிளைத் திறந்தேன். படிக்கவில்லை. காற்று மறுபடி கிழக்கே திரும்பியிருக்கிறது. வெளியே ஐந்து டிகிரி. போர்வைக்குள் படுத்தபடி மூச்சைப் பிடித்து, நடுங்காமல் இருக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. உடம்பு உயிரோடு இருக்கும்வரை நடுங்குகிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

பகல் பன்னிரண்டுக்குத் தொட்டி மூலையில் நின்று மதலைமேரியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. அந்த மனுசன் திரும்பியா வரப்போறாரு? இம்புட்டு வருசம் மலையில கெடந்ததுக்கு ஒன்னுமில்லாமப் போயிரும். ஊரெல்லாம் ஒங்களப் பத்தி நல்லாப் பேசுது. ஃபாதர் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"சரி" என்றேன்.

போனை வைக்கவில்லை அவள். மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "அந்த வழிகாட்டிக்கு வீட்ல யாரு இருக்கா?" என்றாள்.

"பொண்டாட்டி. பள்ளிக்கூடம் போற பொண்ணுங்க ரெண்டு."

"இப்ப எங்க இருக்காரு?"

"சப்-ஜெயில்ல."

"நீங்க கிளம்பி வாங்க" என்றாள். "உண்மையச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. சோறு போடுறேன்."

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று விடியற்காலை இறங்க ஆரம்பித்தேன். மன்னம்பாறை வரை ஆறு மணி நேரம் ஆனது. அங்கிருந்து பஸ். ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. இரவு வீட்டில் தங்கி, இன்று காலையில் அலுவலகம் போனேன்.

நளாயினி மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். எனக்கு நடத்தப்போகும் பாராட்டு விழாவுக்குத் தேதி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

"மேடம், அக்டோபர் ஒன்பதுலேர்ந்து நான் சொன்னது எதுவும் அளந்தது இல்ல."

மேடம் போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"நீங்க இப்ப சொன்னது என் காதுல விழலன்னு வச்சுக்கட்டுமா?"

"வேணாம் மேடம். எழுதித் தரத்தான் வந்தேன்."

"தெரியும் சார்" என்றார். முகத்தைத் திருப்பவில்லை. "கீழ எம்பது பெய்யுது, மேல பன்னெண்டுங்கறீங்க. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. புதன்கிழமையே வந்துச்சு. ஆள் அனுப்பிப் பாத்திருக்கணும். சனிக்கிழமையில யாரைப் போகச் சொல்றதுன்னு விட்டுட்டேன். நீங்க பதினோரு வருசமாத் தப்பா சொன்னதில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

தாள் கொடுத்தார். எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இன்று பள்ளிக்கூடப் பையனுடையது போலக் கோணிப் போனது. அவரும் ஒரு தாளை எடுத்துத் தன் பங்கை எழுதினார். நான் சொல்லவில்லை, அவராகவே எழுதினார்.

டிசம்பர் 6, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்கம். பேப்பரில் மறுபடி என் படம். அதே படம்தான்.

மதலைமேரி இரண்டு நாளாகக் கோயிலுக்குப் போகவில்லை. இன்று காலையில் தலை வாரி, நல்ல சேலை கட்டி, "வாங்க" என்றாள். இருவரும் போனோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

இருளப்பனை இன்று விட்டார்கள். வழக்கை அவன்மேலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். என்மேல் புதிதாகப் போடுவார்கள்.

சப்-ஜெயில் வாசலில் நின்றேன். மெலிந்திருந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். இருளப்பன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"அண்ணே, நான் ஒங்ககிட்டக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"ஓடையப் பாத்ததும் எங்கண்ணு வேணாம்னுச்சு. தண்ணி கலங்கலா வருது, கரையில நுரை ஒதுங்கிக் கெடக்கு, மேல பெருசாப் பெஞ்சிருக்குன்னு தெரியுது. ஆனா நீங்க பன்னெண்டுன்னீங்க. எங்கண்ண நம்பாம ஒங்க வாயை நம்புனேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்லண்ணே. யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அவன் பஸ் ஏறும்வரை நின்றேன். இனி மலைக்கு ஆள் கூட்டிப் போகமாட்டானாம். கட்டட வேலைக்குத் திருப்பூர் போகிறானாம்.

டிசம்பர் 12, வியாழன்

முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருக்கிறது. முன்பே வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

டிசம்பர் 14, சனி

மதியம் மூன்று மணிக்கு வாசலில் கார் நின்றது. தாரணியும் அஸ்லமும். மதலைமேரி கதவைத் திறந்து, "உள்ள வாங்கம்மா" என்றாள்.

தாரணி உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அழுகை, கத்தல், எதற்கும் தயாராக இருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்த வாரம் சுற்றியுள்ள ஊர்களில் பெய்த மழையெல்லாம் எங்கோ கேட்டு வாங்கி வரிசையாக எழுதியிருந்தார். கணக்கு டீச்சராம். ஊசிமுடி என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை உண்மையிலுமே எவ்வளவுங்க பேஞ்சிருக்கும்?"

"அளக்கலம்மா."

"அது தெரியுமுங்க. ஒரு உத்தேசமாச் சொல்லுங்க. நூறுங்களா? நூத்தம்பதுங்களா? எனக்கு ஒரு நம்பரு வேணுமுங்க. எவ்வளவு பேஞ்சு அவரு போனாருன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

நூற்றுப் பத்து என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஐம்பது நாள் பழக்கம். சொல்லியிருந்தால் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு, அந்த அம்மாள் இன்றைக்காவது தூங்கியிருப்பார். மதலைமேரி சமையலறை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன். "இனிமே யாருக்கும் தெரியாது."

தாரணி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், பாடம் புரியாத பிள்ளையிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இதே வார்த்தைய அன்னைக்கு அந்த இருளப்பண்ணங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா போதுமுங்களே?"